சிறு வண்டியும் அதன் மூல வண்டியும்

"பொம்மை" என்னும் சொல்லை நம்மவர் சற்று இகழ்ச்சிக் குறிப்போடு வழங்குவது வழக்கம். உண்மைப் பொருளன்று, சிறுவர் கைக்கு உரியது, கற்றறிந்தோர் பொழுது செலவிடத் தகாதது என்னும் கருத்துக்கள் அச்சொல்லின் பின்னே மறைந்து நிற்கின்றன. மற்றொரு திறத்தாரும் உளர். மாதிரி ரயில் வண்டிகளைச் செய்வதிலும் சேர்ப்பதிலும் பேரார்வம் கொண்டு, வண்டியின் ஒவ்வோர் ஆணியும் மூலத்தில் உள்ள இடத்திலேயே உள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஆராய்பவர் இவர். முன்னவர் மாதிரியைப் பாராமலே விடுகின்றனர். பின்னவர் மாதிரியை அன்றி வேறொன்றையும் பார்ப்பதில்லை. மாதிரியை ஒரு பலகணியாகக் கொண்டு அதற்கு அப்பால் உள்ள மூலத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. அங்ஙனம் பார்த்தலே மாதிரிக் கலையின் பயன் என்பதும், அப்பயனைக் கைவிட்டால் அக்கலை வெறும் கடைச்சரக்காய் முடியும் என்பதும் எனது அபிப்பிராயம். இதனை ஒரு சிறு நிலக்கரி வண்டியைக் கொண்டு ஈண்டு விளக்க முயல்வேன்.

என் மேசைமீது அவ்வண்டி இருக்கிறது. நீளம் அரைச் சாண், சக்கரம் நான்கு, மேலே சாம்பல் நிறமான தொட்டி, கீழே செம்பழுப்பு நிறமான சட்டம். இங்கிலாந்தின் ரயில்வேயார் 1960களில் அமைத்துப் பிற்காலத்தில் "எச்.ஏ.ஏ." என்று குறியிட்ட ஹாப்பர் வேகனின் மாதிரி அது. ஒருநாள் என்னைக் காணவந்த மாணவர் ஒருவர் அதனைக் கையில் எடுத்தார். வழக்கமாக வருவோர், "விலை என்ன?" என்றோ, "இது ஓடுமா?" என்றோ கேட்பர். அவர் அதனைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஏன் கீழே இப்படிக் குறுகிப் போகிறது?" என்று வினவினார். அவ்வொரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

விடை எளிது. மாவரைக்கும் யந்திரத்தின் தலையில் தானியம் கொட்டுவதற்கு ஒரு கூம்புத் தொட்டி உண்டன்றோ? மேலே அகன்று கீழே குறுகிய அத்தொட்டியின் பெயரே ஹாப்பர் என்பது. தானியத்தை யாரும் கீழே தள்ள வேண்டுவதில்லை. தன் பாரத்தால் தானே இறங்கும். ஹாப்பர் வேகனும் அத்தகையதே. மேலே நிலக்கரியைக் கொட்டுவர். சேருமிடத்தில் அடிக்கதவைத் திறப்பர். கரி தானே வீழ்ந்துவிடும். ஆனால் பக்கச் சுவர்கள் போதிய சரிவு உடையனவாய் இருத்தல் வேண்டும். சரிவு குறைந்தால் கரி உராய்வினால் சுவரிலேயே தங்கிவிடும். சரிவு மிகுந்தால் தொட்டியின் கொள்ளளவு குறைந்துவிடும். ஆகவே அவ்வண்டியின் உருவம் ஒருவர் அழகு கருதி வரைந்த கோடன்று; கரியின் உராய்வுக்கும் ரயில்வேயாரின் வரவு செலவுக்கும் இடையே செய்துகொண்ட உடன்படிக்கை ஆகும். உருவத்தைக் கண்டு அதன் உள்ளே அடங்கிய காரணத்தை வினவினார் அம்மாணவர். அவர் வினவியது தற்கால வண்டியைக் குறித்தே ஆயினும், அதன் வேர் முந்நூறு ஆண்டுப் பழைமை உடையது.

இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் நாட்டுப் பகுதியில், நீராவி எஞ்சின் பாதையில் ஓடத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, குதிரைகள் இழுக்கும் நிலக்கரி வண்டிகள் மரத்தண்டவாளங்களின்மேல் ஓடின. அவ்வண்டிகளுக்காக 1725, 1726ஆம் ஆண்டுகளில் கட்டிய காஸி வளைவு என்னும் கற்பாலம் இன்றும் நிற்கிறது. அவ்வண்டிக்குச் சால்ட்ரன் என்று பெயர். அது மரத்தால் ஆயது, மேலே அகன்று கீழே குறுகியது, அடியில் கதவுடையது. நியூகாசில் சால்ட்ரன் என்பது 53 ஹண்டர்வெயிட், அஃதாவது இரண்டரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட, கரியின் அளவு. ஆற்றங்கரையில் உயர்ந்த மரமேடைகளைக் கட்டி, வண்டியை அவற்றின்மேல் ஓட்டிச்சென்று, அடிக்கதவைத் திறந்து, கீழே நிற்கும் படகினுள் கரியை வீழ்த்துவர். 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டாக்டன் டார்லிங்டன் ரயில்வே திறக்கப்பெற்றபோது, ஷில்டன் என்னும் சிற்றூரினின்று லோகோமோஷன் என்னும் எஞ்சின் இழுத்துச்சென்ற தொடரிலும் நிலக்கரி வண்டிகளே மிகுதி. மக்களை ஏற்றிச் செல்வதற்கு முன்னே கரியை ஏற்றிச் செல்லவே இருப்புப்பாதை பிறந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

இத்தகைய நல்ல முறை இருப்பவும், இங்கிலாந்தின் ஏனைய பகுதிகள் அதனை மேற்கொள்ளவில்லை. அங்கே தட்டையான அடித்தளமுடைய சிறு வண்டிகளே நூறாண்டுக்கு மேலாக ஆட்சி செய்தன. அவற்றுட் பல சுரங்க முதலாளிகளுக்கும் கரி வணிகருக்கும் சொந்தமானவை. பக்கக் கதவைத் திறந்து ஆட்கள் மண்வாரி கொண்டு கரியை வாரி இறக்க வேண்டும். அல்லது வண்டியையே தூக்கிக் கவிழ்க்கும் யந்திரம் வேண்டும். வணிகர்கள் கரியை விற்கும்வரை வண்டியிலேயே வைத்திருந்து, சக்கரமுள்ள கிடங்காக அதனைப் பயன்படுத்தியதும் உண்டு. ஒவ்வொரு வண்டியையும் பிரித்தும் கோத்தும் வேறு வேறு ஊருக்கு அனுப்பும் ஷண்டிங் வேலைக்குப் பெருஞ்செலவு ஆயிற்று. 1948இல் ரயில்வேக்கள் நாட்டுடைமை ஆனபோது அரசாங்கத்தின் கைக்கு வந்த சரக்கு வண்டிகள் ஏறத்தாழ 12 இலட்சம். அவற்றுட் பல, ஓடிய நாளினும் நின்ற நாளே மிகுதி.

இந்நிலையில்தான் என் மேசைமீதுள்ள வண்டியின் மூலம் தோன்றியது. 1963இல் பீச்சிங் என்பார் தலைமையில் வெளிவந்த அறிக்கை, பயன் குறைந்த கிளைப் பாதைகளை மூடச் சொன்னதற்காகப் பெரிதும் தூற்றப்பட்டது. ஆயினும் மொத்தச் சரக்கை முழுத் தொடராக ஒரே இடத்தினின்று ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அது கூறிய கருத்து வாழ்ந்தது. மின்சாரத் துறையாரும் நிலக்கரித் துறையாரும் ரயில்வேயாரும் கூடி அமைத்த முறைக்கு "மெர்ரி கோ ரவுண்டு" என்று பெயரிட்டனர். நம் திருவிழாக்களில் குழந்தைகள் ஏறும் குடைராட்டினம் என்பதே அதன் பொருள். பெயர் விளையாட்டாயினும் பொருள் விளையாட்டன்று. சுரங்கத்தின் வாயிலில் கரித்தொட்டியின் அடியே தொடர் மெல்ல ஊர்ந்து செல்லும்போதே வண்டிகள் ஒவ்வொன்றாய் நிரம்பும். மின்சார நிலையத்தில் பாதை ஒரு வட்டமாக வளைந்திருக்கும். தொடர் அவ்வட்டத்திற் புகுந்து, மணிக்கு அரை மைல் வேகத்தில் இறக்கும் கூடத்தைக் கடக்கும். பாதையோரத்தில் அமைந்த கருவி ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறக்கும். கரி வீழ்ந்தபின் மற்றொரு கருவி அதனை மூடும். எஞ்சினைக் கழற்றவேண்டா, திருப்பவேண்டா. முப்பது வண்டி கோத்த தொடர், ஏறத்தாழ ஆயிரம் டன் கரியை அரை மணி நேரத்துள் இறக்கிவிட்டு, வந்தவழியே மீளும்.

அவ்வண்டி ஒவ்வொன்றும் 32½ டன் கொள்ளும். பழைய வண்டிகளில் இல்லாத காற்றுப் பிரேக்கும் தட்டுப் பிரேக்கும் இதில் உண்டு. 1960களின் நடுவில் தொடங்கி 1980களின் தொடக்கம்வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பெற்றன. அவற்றிற் பெரும்பாலானவை ஷில்டன் ஊரின் பட்டறையிலேயே பிறந்தன. 1825இல் முதல் தொடர் புறப்பட்ட அதே ஷில்டன்தான். இம்முறை அந்நாட்டோடு நின்றுவிடவும் இல்லை. நம் நாட்டில் சிங்க்ரௌலி முதலிய இடங்களில், சுரங்கத்துக்கு அருகே அமைந்த மின்சார நிலையங்களில் இதே பெயரோடு இதே முறை வழங்குகிறது.

இதன் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டிங்ஹாம்ஷயரில் ராட்கிளிஃப் என்னும் இடத்தில் இருந்த மின்சார நிலையத்தின் ஆற்றல் 2,000 மெகாவாட். கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மின்சாரமாக மாறுகிறது என்றும், ஒரு கிலோகிராம் கரி 24 மெகாஜூல் வெப்பம் தரும் என்றும் கொண்டால், அந்நிலையம் முழு ஆற்றலோடு ஓடும் நாளில் ஏறத்தாழ 20,000 டன் கரி வேண்டும். அஃதாவது இரவும் பகலும், இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி! ஓர் அறையில் விளக்கைப் போடுபவர் இதனை எண்ணிப் பார்த்திருப்பாரா? என் மேசைமீதுள்ள அரைச் சாண் வண்டி இவ்வெண்ணத்தைக் கிளப்பிற்று எனின், அதனைப் பொம்மை என்று தள்ளுதல் தகுமா?

நிற்க. மாதிரி மூலத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று இனி ஆராய்வோம். இங்கேதான் ஆணி எண்ணுவோருக்கும் எனக்கும் வழக்கு.

இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் மாதிரி அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அஃதாவது மூலத்தில் 76.2இல் ஒரு பங்கு. அவ்வளவின்படி தண்டவாளங்களின் இடைவெளி 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். கடையில் விற்கும் பாதையிலோ அது 16.5 மில்லிமீட்டரே. மூல அளவுக்கு விரித்துப் பார்த்தால் 4 அடி 8½ அங்குலம் இருக்க வேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாய், ஏழு அங்குலம் குறுகி நிற்கிறது. காரணம் வரலாற்றில் உள்ளது. ஐரோப்பியர் ஓர் அடிக்கு 3½ மில்லிமீட்டர் என்னும் அளவுக்கு 16.5 மில்லிமீட்டர்ப் பாதையை வகுத்தனர். அதற்கு அது பொருத்தமே. ஆனால் இங்கிலாந்தின் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களினும் உருவிற் சிறியன. 3½ மில்லிமீட்டர் அளவில் அவற்றைச் செய்தால், அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆதலின் வண்டியை மட்டும் 4 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருக்கிவிட்டுப் பாதையை அப்படியே வைத்துக்கொண்டனர். 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் இவ்வளவை நிலைநிறுத்தின. பிழையைத் திருத்த 18.83 மில்லிமீட்டர்ப் பாதையைத் தாமே அமைப்போரும் உளர்; அவர்தம் பொறுமை போற்றத்தக்கது. ஆயினும், பாதையைத் திருத்திவிட்டால் மாதிரி உண்மையாகிவிடுமோ?

ஆகாது. ஏன் எனில், இயற்கை தன் அளவுகள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்க இசைவதில்லை. நீளம் 76இல் ஒரு பங்கானால், பாரம் 76ஐ மும்முறை பெருக்கிய எண்ணின் ஒரு பங்காகும். 32½ டன் கரி, ஏறத்தாழ 74 கிராமாகச் சுருங்கும். வெற்று வண்டியின் பாரமாகிய ஏறத்தாழ 13 டன், 30 கிராமாகும். முப்பது கிராம் வண்டியைப் பாதையில் விட்டால் அது வளைவிலும் இணைப்பிலும் துள்ளி விழும். ஆதலின் மாதிரி ஓட்டுவோர் ஓர் அச்சுக்கு ஓர் அவுன்ஸ் என்பதுபோல ஏதேனும் ஒரு கணக்கு வைத்து, ஈயத்துண்டை உள்ளே ஒளித்து வைக்கின்றனர். மூலத்துக்கு உண்மையாய் இருந்தால் வண்டி ஓடாது. ஓடவேண்டுமாயின் மூலத்தினின்று விலகியே தீரவேண்டும்.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு அரை மைல் என்பதை 76இல் ஒரு பங்காக்கினால், வினாடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. என் மேசைமீது ஊரும் எறும்பு அத்தொடரை எளிதில் முந்திவிடும். பார்ப்பவர் தொடர் நின்றுவிட்டது என்றே எண்ணுவர். ஆனால் மூலத்தின் சிறப்பு அந்த மெதுவில்தான் இருந்தது. ஆயிரம் டன் பாரத்தை அவ்வளவு மெல்ல, இடையறாது, குலுங்காமல் இழுக்கவேண்டி எஞ்சின்களில் தனியே ஒரு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினர்.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு கதவில் உள்ளது. என் வண்டியின் அடிக்கதவுகள் திறவா. செய்தவர் அவற்றைக் கீறிய கோடுகளாகவே விட்டுவிட்டார். முதலில் இதனைக் கண்டு வருந்தினேன். பிறகு யோசித்தபோது, திறக்கும் கதவு வைத்திருந்தாலும் பயன் உறுதியில்லை என்று தெளிந்தேன். இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். ஒரு புனலில் அரிசியை இட்டால் அது கலகலவென்று இறங்கும். அதே அரிசியை மாவாக்கி அதே புனலில் இடுங்கள். மாவு வளைவாய்க் கட்டிக்கொண்டு வாயை அடைத்து நிற்கும். பொருள் ஒன்றே, துகள் மட்டுமே சிறுத்தது. துகள் சிறுக்கச் சிறுக்க, அதனைக் கீழே இழுக்கும் பாரம் மிக விரைவாய்க் குறைகிறது. ஒன்றோடொன்று பற்றும் மேற்பரப்பின் ஆற்றல் அவ்வளவு விரைவாய்க் குறைவதில்லை. ஆகவே நிலக்கரியையும் அளவுக்கு ஏற்ப மாவாக்கி மாதிரி வண்டியில் நிரப்பினால், அது நிலக்கரியைப்போல் நடவாது, மாவைப்போலவே நடக்கும். மூல வண்டியிலும் மழையில் நனைந்தோ பனியில் உறைந்தோ போன கரி தொட்டியில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுப்பதுண்டு. மாதிரியில் அத்தொல்லை நாள்தோறும் நேரும்.

இவ்வளவும் யான் கூறுவது மாதிரியை இகழ்வதற்காக அன்று. தன் பொய் எது என்று அறிந்த மாதிரியே நல்ல ஆசிரியன் என்பதற்காகவே. ஒரு பொருளைச் சுருக்கிச் செய்து பார்க்கும்போது எது சுருங்குகிறது, எது சுருங்க மறுக்கிறது என்பதைக் கண்டறிதலே பௌதிக சாஸ்திரத்தின் ஒரு பெரும் பாடம். பாலம் கட்டுவோரும் கப்பல் கட்டுவோரும் மாதிரி செய்து பார்க்கையில் இதே சிக்கலோடு போராடுகின்றனர். ஆணிகளை எண்ணி முடித்துவிட்டுத் தம் மாதிரி முற்றும் உண்மையானது என்று மகிழ்வோர் இப்பாடத்தை இழந்துவிடுகின்றனர். பொம்மை என்று தள்ளுவோரோ பள்ளியின் வாயிலையே மிதிப்பதில்லை.

இனி, சுருங்க மறுப்பவற்றுள் மிகப் பெரியதைக் கூறுவேன். அது மனிதர் வாழ்க்கை.

அந்த வண்டி நன்றாக அமைந்தது. அதன் நன்மையே பலருக்கு வினையாயிற்று. பழைய வண்டிகள் நின்றுகிடந்த நாட்களில் இது ஓடியது. இடைவிடாது ஓடும் ஒரு வண்டி, நின்றுகிடக்கும் பல வண்டிகளின் வேலையைச் செய்துவிடும். 12 இலட்சமாக இருந்த வண்டிகள் 1980களின் இறுதிக்குள் ஓர் இலட்சத்துக்கும் கீழே குறைந்தன. லாரிகளின் போட்டியும், வீடுகளில் கரி எரிப்பது குறைந்ததும், பழைய தொழிற்சாலைகள் மூடியதும் அதற்குப் பெருங்காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், குறைந்த வண்டியைக் கொண்டு மிகுந்த சரக்கை ஏற்றும் இம்முறையும் அவற்றோடு சேர்ந்து நின்றது. வண்டிகள் குறைந்தால் வண்டி செய்யும் பட்டறைக்கு என்ன வேலை? 1984இல் ஷில்டன் பட்டறை மூடப்பெற்றது. தாம் திறம்படச் செய்த வண்டி தம் தொழிலின் தேவையையே குறைத்ததைக் கண்ட அவ்வூர்த் தொழிலாளரின் மனநிலையை எந்த விகிதத்தில் சுருக்கி எந்த மாதிரியில் பொருத்துவது?

அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1984 மார்ச்சு முதல் 1985 மார்ச்சு வரை ஓராண்டு நடந்த அப்போராட்டத்தில், லெஸ்டர்ஷயரின் கோல்வில் என்னும் ஊர் ரயில் தொழிலாளர் நிலக்கரித் தொடர்களை ஓட்ட மறுத்து நின்றனர். அவ்வட்டாரத்துச் சுரங்கத்தாருட் பெரும்பாலார் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோதே ரயிலார் மறுத்தனர் என்பது அதன் வியப்பு. அந்நாட்களில் அசையாமல் நின்ற வண்டிகளும் இதே வண்டிகள்தாம். மாதிரிப் பாதையில் அவ்வண்டியைச் சுற்றிச்சுற்றி ஓட்டுவோர், அது ஓடாமல் நின்றதற்கும் ஒரு பொருள் இருந்தது என்பதை அறிதல் நன்று.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இவ்வண்டியினும் பெரிய, எட்டுச் சக்கர ஹாப்பர்கள் வந்தன. பழையவை மெல்ல மெல்ல விலக்கப்பெற்றன; சிலவற்றின் தொட்டியை நீக்கிவிட்டு, சட்டத்தின்மேல் வேறு பெட்டியைப் பொருத்திக்கொண்டனர். 2015 டிசம்பரில் கெல்லிங்லி சுரங்கம் மூடியதோடு, அந்நாட்டில் ஆழ்சுரங்கத்தினின்று கரி எடுப்பது முடிவுற்றது. யான் கணக்குப் போட்ட ராட்கிளிஃப் நிலையம் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அணைந்தது. அந்நாட்டில் கரியால் மின்சாரம் செய்த கடைசி நிலையம் அதுவே. 1882இல் லண்டன் நகரில் ஹோல்பர்ன் வயடக்டில் தொடங்கிய ஒரு நூற்றுநாற்பத்திரண்டு ஆண்டு வரலாறு அன்றோடு முடிந்தது.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். "கரிப் புகை காற்றைக் கெடுத்தது, சுரங்கத் தூசி தொழிலாளரின் நுரையீரலை அரித்தது, உலகின் வெப்பம் ஏறுவதற்கும் கரியே பெருங்காரணம். அது ஒழிந்தது நல்லதன்றோ? ஒழிந்ததன் வண்டியை மேசைமேல் வைத்துக் கொண்டாடுவானேன்?" என்பர். கரி ஒழிந்தது நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நினைத்தல் வேறு, கொண்டாடுதல் வேறு. ஒரு தலைமுறை எதனை எரித்து வாழ்ந்தது, எத்தனை பேர் உழைப்பால் அதனை ஏற்றி இறக்கியது, என்ன விலை கொடுத்தது என்பதை அடுத்த தலைமுறை அறியாவிடின், தான் எரிப்பதற்கும் கணக்குக் கேளாது. மூலம் உலகில் உள்ளவரை, மாதிரி பிழையாயினும் கேடில்லை. ஐயமுற்றவர் நேரிற் சென்று பார்த்துக்கொள்வர். மூலம் மறைந்தபின்போ, பெரும்பாலோர் காணப்போவது மாதிரியை மட்டுமே. அப்போது அது விளையாட்டுப் பொருள் என்னும் நிலையினின்று உயர்ந்து சாட்சியாகிறது. சாட்சி சொல்வோர்க்கு உரிய கடமை அதனைச் செய்வோர்க்கும் வைத்திருப்போர்க்கும் வந்துவிடுகிறது.

மற்றொரு தடையும் உண்டு. "இவ்வளவு ஆராய்ச்சி சிறுவரின் களிப்பைக் கெடுத்துவிடாதா?" என்பது அது. கெடுக்காது என்றே கருதுகிறேன். "ஏன் கீழே குறுகிப் போகிறது?" என்று கேட்ட அம்மாணவரின் முகத்தில் அரிசியையும் மாவையும் புனலில் இட்டுக் காட்டியபோது எழுந்த மகிழ்ச்சி, வண்டி வெறுமே சுற்றி ஓடுவதைக் கண்டு எழும் மகிழ்ச்சியினும் குறைந்ததன்று. ஷில்டன் பட்டறை மூடியதைக் கேட்டபோது அவர் சிறிதுநேரம் வாளாவிருந்தார். பின்பு வண்டியை முன்னினும் பத்திரமாக மேசைமேல் வைத்தார். களிப்பு கெடவில்லை; அதனோடு மதிப்பும் சேர்ந்தது.

ஆதலின் நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரிப் பொருட்காட்சிகளில் நாம் பல மாதிரிகளை ஆண்டுதோறும் செய்து வைக்கிறோம்: அணை, பாலம், ஆலை, எஞ்சின் என. அவற்றின் வண்ணமும் விளக்கும் கண்ணைக் கவர்கின்றன; அருகே நிற்கும் அட்டையில் மாதிரியின் பெயரும் செய்தவர் பெயரும் மட்டுமே உள்ளன. இனி ஒவ்வொரு மாதிரியின் அட்டையிலும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதுவோம். மூலம் என்ன வேலை செய்தது? அதன் உருவம் அவ்வாறு அமைந்தது ஏன்? நம் மாதிரி எந்த இடத்தில் பொய் சொல்கிறது? மூலத்தால் வாழ்ந்தவர் யார், வாழ்விழந்தவர் யார்? முதலிரண்டு வினாக்களுக்கு நூல்களில் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு நேர்மை வேண்டும். நான்காவதற்கு ஆய்வுச்சாலையை விட்டு வெளியே வந்து மனிதரிடம் கேட்கவேண்டும். நான்கையும் முடித்தவர் செய்த மாதிரி சற்றுக் கோணலாய் இருப்பினும், அதற்கே முதற்பரிசு தரல் வேண்டும் என்பேன்.

ஷில்டனில் இன்று ரயில் பொருட்காட்சிச்சாலை ஒன்று உள்ளது. 2004இல் அது திறக்கப்பெற்றது. வண்டி செய்த ஊர் இப்போது வண்டிகளைக் காக்கும் ஊராய் விளங்குகிறது. அங்கே செல்லும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலர்க்கே கிடைக்கும். ஆனால் என் மேசை மிக அருகில்தான் இருக்கிறது. விரும்பும் மாணவர் எவரும் வரலாம்; வண்டியைக் கையில் எடுக்கலாம்; கவிழ்த்தும் பார்க்கலாம். புனலும் ஒரு பிடி அரிசியும் யான் வைத்திருப்பேன். வினாவை மட்டும் அவர்கள் கொண்டுவந்தால் போதும்.